கத்தியின் இன்னொரு பக்கம்

மாமா, வீடு முழுக்கச் சந்தன வாசனை. ஆயுத பூஜைக்குக் கரைத்த சந்தனக் கிண்ணத்தோடு உங்கள் கத்தியின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறேன். போன வருடம் நீங்கள் போன துக்கத்தில் நமக்குப் பண்டிகை இல்லை. அதனால் அதற்கு முந்தின பூஜையில் நீங்கள் விரலால் இழுத்த சந்தனப் பட்டை அலகில் அப்படியே காய்ந்திருக்கிறது. கை நடுங்கியதில் கோணலாக.

ஆந்திராவின் ஸ்ரீசிட்டி கம்பெனியில் உங்களுக்கு மேலே இருந்த வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்த கத்தி. அவர்கள் நாட்டில் ஆயிரம் வருடத்துக்கு முன் இருந்த வாளைப் பார்த்துச் செய்த அழகுப் பொருள். பித்தளைப் பிடி, மழுங்கிய அலகு. இதை மாட்ட, ஏர்பேட்டின் இந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு ஆணி அடிக்க, வீட்டுக்காரரிடம் நீங்கள் தெலுங்கில் கெஞ்சியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

நீங்கள் பட்டை இழுத்த அந்தப் பூஜை, பக்கவாதம் வந்து உங்களுக்கு வேலை போன வருடம். என் தையல் மிஷினுக்கு மாலை போட்டேன். கட்டிலில் இருந்தபடி கேட்டீர்கள்: "உனுக்கு மிஷினு கீது. நான் இன்னாத்தமே வைக்கிறது?"

கத்தியைக் கழற்றி உங்கள் மடியில் வைத்தேன்.

"இது எலுமிச்சம்பழத்தக்கூட வெட்டாதுமே. சும்மா தொங்கிக்கினு கீது."

"வெட்டாட்டி இன்னா மாமா? அது இல்லன்னா இது வூடாவா இருக்கும்?"

அப்புறம்தான் சந்தனத்தில் விரலை விட்டீர்கள். உடனே பழைய அதிகாரமும் வந்துவிட்டது. "கத்தரிக்கோல்ல போன வருசத்துப் பொட்டு கீது பாரு. தொடைச்சிட்டு வையி. பழசு மேல புதுசு வைக்கக்கூடாது."

அந்த முறைதான் இப்போது என்னைப் படுத்துகிறது. துடைத்தால் உங்கள் விரல் போய்விடும். துடைக்காவிட்டால் கத்திக்குப் பூஜை இல்லை. அதைச் சும்மா தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை.

நம் மகள் ஈரத்துணியோடு வந்தாள். "நைனா வச்சதாம்மா? தொடைக்கட்டுமா?"

"தொட்டியா, கைய ஒடச்சிடுவேன்!" என்று துணியைப் பிடுங்கினேன். பாவம், பயந்து போனாள். எனக்கே வெட்கமாகிவிட்டது. அவளை அருகில் உட்காரவைத்து, கத்தியை மெல்லத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பொட்டும் இல்லை. அவள் கையைப் பிடித்துச் சந்தனத்தில் தோய்த்தேன்.

இனி வருடா வருடம் இந்தப் பக்கத்தைத் துடைப்போம், புதுப் பொட்டு வைப்போம். உங்கள் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும், மாமா. அதில் துணி படாது.