ஹால் சுவரில் மூன்று படங்கள்

என் சரசுவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இவ்வளவு நாள் உன்னிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், அவ்வளவுதான். இந்த வாரம் நம் தாராவி பில்டிங்கில் ஒரு ரகளை. அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கீழ்த்தளத்துப் பொது ஹாலில் பிள்ளையார் கோயில் கட்டலாம் என்று கமிட்டியில் பேச்சு கிளம்பியது. பிள்ளையார் மேல் யாருக்கு என்ன கோபம்? ஆனால் அடுத்த மாதம் அதே ஹாலில் பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா மகளுக்கு நிக்காஹ். பத்திரிகை அடித்தாகிவிட்டது. வேறு மண்டபம் பிடிக்க அவர்களுக்கு வசதி கிடையாது. அக்கா சண்டைக்கு வரவில்லை. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதுதான் என்னைச் சுட்டது.

உடனே உன் ஞாபகம். நான் செக்ரட்டரியாக இருந்தபோது அடித்த கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மதச்சார்பின்மை என்று மேடைமேடையாகப் பேசுகிற நாத்திகன், அந்த ஹாலில் முருகன், மாதா, மக்கா என்று மூன்று படங்களை வரிசையாக மாட்டிவிட்டு மார்தட்டிக்கொண்டேன். மறுநாளே மூன்றாம் மாடி காம்ப்ளே வந்து எங்கள் புத்தர் எங்கே என்றார். நாலாவது ஆணிக்குச் சுத்தியல் தேடினேன். ரம்ஜான் மாதத்தில் அங்கே சேர்ந்து தொழுகிற அக்காவும் மற்றப் பெண்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். படங்களுக்கு முன்னால் அவர்கள் தொழ மாட்டார்கள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

உனக்குத்தான் உறைத்தது. கிருத்திகை விரதம் தவறாதவள், ஸ்டூல் போட்டு ஏறி முதலில் முருகனைத்தான் கழற்றினாய்.

"இத்தன படத்த மாட்டி வச்சிருக்கீய, அந்த அக்கா எங்க நின்னு தொழுவாவ? அவங்கவங்க சாமி அவங்கவங்க வீட்ல இருக்கட்டும்."

எனக்கு எல்லாச் சாமியும் வெறும் படம். எதை எங்கே மாட்டினாலும் ஒன்றுதான். கும்பிடுகிற உனக்குத்தான் இன்னொருத்தியின் தொழுகைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதை அன்றைக்கே உன்னிடம் ஒத்துக்கொண்டிருக்கலாம். டீ நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன், கிறுக்கன்.

ஞாயிறு மீட்டிங்கில் எழுந்தேன். சாமியே இல்லை என்கிற ஆள் கோயிலைப் பற்றி என்ன பேசுவது என்று புதுத் தலைவர் மடக்கினார். நியாயமான கேள்விதானே? பழைய பிரசங்கத்தை எடுத்திருந்தால் அங்கேயே தோற்றிருப்பேன்.

"நான் கும்பிடுதவன் இல்ல. எம் பொண்டாட்டி கும்பிட்டவ. இந்த ஹால்ல மொத சாமிப் படத்தக் கழத்துனது அவதான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். உன்னோடு பால்குடம் எடுத்த பெண்கள் ஒவ்வொருவராகக் கோயில் வேண்டாம் என்று கை தூக்கினார்கள். பேச்சு அதோடு முடிந்தது. நிக்காஹ் அங்கேதான். தலைவருக்கு இன்னும் மூஞ்சி சரியில்லை. ஆனாலும் பிரியாணிக்கு வந்துவிடுவார், பார். அடுத்த வருஷம் மறுபடி கிளப்பினால் என்ன செய்வேன், சரசு? அதுவும் நீ இல்லாமல்?

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் உன் சாமி அலமாரியைத் திறந்தேன். ஏழு மாதத் தூசி. துடைத்துவிட்டு விளக்கேற்றினேன். திரி போடத் தெரியாமல் கையெல்லாம் எண்ணெய். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, வரவில்லை. ஆனால் அது உன் இடம். நான் உயிரோடு இருக்கிறவரை அங்கே தினமும் விளக்கு எரியும்.

இன்னமும் சாமி கும்பிடாத,
உன் வீட்டுக்காரன்