கோடாய்ப் போன கார்த்திகை

26 அக்டோபர் 1961

கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன.

போன டிசம்பரில் அண்ணன் வானத்தைப் படம் பிடித்த கண்ணாடி பிளேட்டுகளை, நான் வேலை செய்கிற ஸ்டூடியோவின் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். ஆறு பிளேட். எதிலும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் ஆறு புள்ளியாக இல்லை, ஆறு கோடாக இருக்கிறது.

கண்டோன்மென்ட் ஏலத்தில் அவன் வாங்கிய இரும்பு ஸ்டாண்ட். முன்பு அதன்மேல் யாரோ வெள்ளைக்காரருடைய தொலைநோக்கி நின்றதாம். அதில் கேமராவைப் பூட்டி, கைப்பிடியை நிதானமாகச் சுற்றினால் கேமரா நட்சத்திரத்தோடு கூடவே நகரும் என்றான். அவன் விநாடி எண்ணுவான், நான் சுற்றுவேன். கடைசி நாள், "உன் கை நடுங்குது, நீ கீழ போ" என்றான். போனேன். இருட்டில் பின்னால் நகர்ந்து, மாடியில் சுவர் இல்லாத பக்கம் விழுந்து இறந்துபோனான்.

நடுங்குகிற கை ஆறு தடவையும் ஒரே பக்கமா நடுங்கும்?

28 அக்டோபர்

"நீ மேல நின்னிருந்தா இளங்கோ விழுந்திருப்பானா?" சாதம் போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். தீபாவளி கழிந்ததும் அந்த இரும்பைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட வேண்டுமாம்.

மாடியில் அவன் எண்ணுகிற சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கிறதா?

31 அக்டோபர்

ஸ்டூடியோ முதலாளி ஆதிகேசவன் சாரிடம் ஒரு பிளேட் கேட்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. போட்டோக்களில் புள்ளி வைத்துத் திருத்திக்கொண்டே இருந்தேன். அண்ணன் ஸ்டாண்டில் நானே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சாயங்காலம்தான் கேட்டேன்.

"அந்த இரும்பு வேணாம்மா. என் மரக்காலை, அந்த மூணு கால் ஸ்டாண்டை எடுத்துட்டுப் போ, யானையாட்டம் நிக்கும்."

"நட்சத்திரம் நகருதே சார்."

"கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளையே அசையாம நிக்க மாட்டேங்கறாங்க. நட்சத்திரத்தைக் குத்தம் சொல்லலாமா?"

ராத்திரி எட்டு மணிக்குக் கேமராவை மரக்காலில் வைத்து, மூடியைப் பத்து நிமிஷம் திறந்து வைத்தேன். அண்ணன் போன பிறகு மாடிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. விளிம்பைப் பார்க்கவில்லை.

1 நவம்பர்

மரக்கால் பிளேட்டிலும் கோடுதான். ஆனால் நட்சத்திரம் போகிற வழியிலேயே, கிழக்கு மேற்காக. அண்ணனுடைய கோடுகள் அதற்குக் குறுக்கே, வடக்கு தெற்காக. கைப்பிடி கேமராவைக் கிழக்கு மேற்காகத்தானே நகர்த்தும்? நான் வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் அந்தக் குறுக்குக்கோடு எப்படி வரும்?

என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனோ.

3 நவம்பர்

ஸ்டாண்டில் ஒரு பித்தளைத் தகடு, இங்கிலீஷ் எழுத்து. நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள், 51 மட்டும் புரிந்தது. பக்கத்து வீட்டு ஜோசஃபின் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, அவளைக் கூப்பிட்டேன்.

"இது லண்டனுக்காகச் செஞ்சதுடி. அங்கே துருவ நட்சத்திரம் ஐம்பத்தொரு டிகிரி உசரத்துல இருக்கும். நம்ம பெங்களூர்ல பதிமூணுதான். உங்கண்ணன் இதைப் படிக்கலையா?"

படித்திருப்பான். இங்கிலீஷில் இருந்ததை அப்படியே நம்பியிருப்பான். திசைகாட்டி வைத்து வடக்குப் பார்த்துத் திருப்பினான், சாய்வைத் தொடவேயில்லை. கேமரா எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த நடுக்கம்பி துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவனேதான் எனக்குச் சொன்னான். ராத்திரி கம்பியோடு கண் வைத்துப் பார்த்தேன். வெறும் வானம். துருவ நட்சத்திரம் எங்கோ கீழே, அல்சூர் பக்கத்துக் கூரைகளுக்கு மேல், மங்கலாக.

ஒரு தடவை பார்த்திருக்கலாமே அண்ணா.

5 நவம்பர்

மரக்காலா, இரும்பா? இரும்புதான். சாய்வு துருப்பிடித்து இறுகிவிட்டது, மாற்ற வராது. அதனால் தெற்குப் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். கம்பி நட்சத்திரத்தைத் தொடும்வரை செங்கல் அடுக்கி, உயரத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அந்த உயரத்துக்குச் சாய்வாக ஒரு மரக்கட்டை வேண்டும் என்று தச்சர் சின்னப்பாவிடம் கயிற்றை நீட்டினேன்.

"இவ்வளவு சாய்வா? யாருக்கும்மா, உங்க வூட்ல ஆனைக்குட்டிக்குச் சறுக்குமரமா?"

 நாளைக்கே செய்து தருகிறாராம், ஸ்டாண்டை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்க.

7 நவம்பர்

தீபாவளி. அண்ணன் போய் வருஷம் திரும்பவில்லை, எங்களுக்குக் கிடையாது. தெருப்புகையில் ஒரு நட்சத்திரமும் இல்லை.

10 நவம்பர்

நாளை மறுநாள் சாமான்காரன் வருகிறான்.

எட்டு மணி. சின்னப்பாவின் கட்டைமேல் ஸ்டாண்ட். கார்த்திகை தென்னைக்கு மேலே வந்தது. மூடியைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். பத்து நிமிஷம். கை நடுங்கியது. நிஜமாகவே நடுங்கியது. எண்ணிக்கொண்டே இருந்தேன். நடுவில் நான் நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், எண்ணிக்கை நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

11 நவம்பர்

டார்க் ரூமிலிருந்து வெளியே வந்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஆறு புள்ளி. கொஞ்சம் தடிமன், ஆனால் புள்ளி. கோடு போட்டது என் கை இல்லை.

அப்படியானால் அவன் என்னைக் கீழே அனுப்பியிருக்க வேண்டியதே இல்லை. நான் மேலேயே இருந்திருப்பேன். அம்மா கேட்பது சரிதானே? இல்லை, சரியில்லை. இரண்டும்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் அண்ணனுடைய பிளேட்டை, பிறகு என்னுடையதை, அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.