உறை பிரிக்காத ரப்பர் தவளை

இஞ்சருங்கோ,

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் கூசேன்வில் குளத்துக்கு மீன் பிடிக்கப் போய், வெறுங்கையோடு வந்தீர்கள். "பெரிய பிளாக் பாஸ் மீன் அங்கை லேசிலை கடிக்காதப்பா" என்பீர்கள். நானும் வரக் கேட்டபோது, "உமக்குப் பொறுமை காணாது" என்றீர்கள்.

மாசியில் உங்கள் தூண்டில் பெட்டியைத் திறந்தேன். பெரிய மீனுக்கென்று வாங்கிய ரப்பர் தவளை உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. பெட்டியை அப்படியே மூடிவைத்தேன். உங்கள் ஞாயிறுகள் உண்மையில் போன இடத்துக்கே, திரான்சியில் இருக்கும் அவளின் வீட்டுக்கே, பிறகு உங்கள் உடுப்புப் பெட்டியும் போனது.

குளத்துக்கு நானே போனேன். சின்ன ரப்பர் புழுவுக்குச் சின்ன மீன்களே வந்தன. பிறகு உங்கள் தவளையைப் பாசியோரம் எறிந்து, அசைக்காமல் காத்திருந்தேன். ஐம்பத்திரண்டு சென்ரிமீற்றர் பிளாக் பாஸ்! அளந்து, படமெடுத்து, தண்ணீரில் விட்டேன்.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நீங்கள் தேத்தண்ணி குடிக்கும் கடையில், நான் கொடுத்த அந்தப் படம் தொங்குகிறது. "அண்ணை பிடிச்சதோ?" என்று முதலாளி கேட்டார்.

"அண்ணை ஒருநாளும் குளத்துக்குப் போகேல்லை" என்றேன். கடை முழுக்கக் கேட்டது.

உங்களுக்கும் ஒரு படம் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் என் சட்டத்தரணியின் முகவரி இருக்கிறது. ஆறுதலாகப் பாருங்கோ, எனக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
பொறுமை காணாத உங்கள் மனைவி