அடுப்பேறாத இனிப்பு

திண்டுக்கல்,
28.12.2003

அன்பு மகள் மலர்விழிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும், அவளுடைய வாய்வுத் தொல்லையைத் தவிர, மற்றபடி சுகம். அயர்லாந்துக் குளிரில் நீ சளி பிடிக்காமல் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் பார்சல் பத்தொன்பதாம் தேதி வந்தது, கடிதமும் உள்ளேயே இருந்தது. சாக்லேட் கட்டிகள் வழியில் எங்கேயோ உருகி மறுபடி இறுகி வெள்ளை பூத்திருந்தன. கைத்தடி மாதிரி வளைந்த சிவப்புக் கோடு போட்ட பெப்பர்மின்ட் மிட்டாயில் ஒன்றுகூட முழுசாக வரவில்லை, ஆனால் அதை எப்படியும் நொறுக்கத்தான் வேண்டும் என்று நீயே எழுதியிருந்ததால் பாதி வேலை வழியிலேயே முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா இல்லாத வெறும் வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போகிறேன், லீவு கிடைத்தாலும் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் இங்கே நடந்ததைக் கேள்.

எதிர்வீட்டு குர்ஷித் பேகம் வீட்டை விற்றுவிட்டு மகன் சௌகத் அலியோடு வாணியம்பாடிக்கே போய்விடுவது என்று முடிவாகி, இருபத்தேழாம் தேதி வேன் வருகிறது என்று இந்த மாதத் தொடக்கத்திலேயே என்னிடம் வந்து சொன்னது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் நம் அலமாரியில் இருந்த அந்த நீல விளிம்பு பீங்கான் தட்டு. உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே அது தெருவைக் கடந்து போய்வந்து கொண்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டு அதிரசமும் முறுக்கும் அதில் போகும், பெருநாளைக்குச் சேமியாவோ ரவையில் செய்த தம்ரூட்டோ ஏற்றிக்கொண்டு திரும்பி வரும், ஒரு தடவைகூட வெறுமனே போனதும் இல்லை வந்ததும் இல்லை. போன பக்ரீத்துக்கு வந்தது நம்மிடமே தங்கிவிட்டது, ஈஸ்டருக்கு உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உன்னிடம் இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். அவள் போவதற்கு இரண்டு நாள் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுத்த வீட்டுக்குப் போற தட்டு நம்மகிட்ட கெடக்கு, வெறுந்தட்டாக் குடுத்துராதீங்க" என்றாள். நான் சரி என்றேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட காரியங்கள் குறைவு, அதில் நான் செய்து கொடுத்தவை இன்னும் குறைவு. இந்த ஒன்றையாவது செய்யாவிட்டால் எந்த முகத்தோடு கல்லறைக்குப் போவேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

ஆனால் வருஷம் திரும்பாத சாவு வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாதே. எனக்குத் துணைக்கென்று வடமதுரையிலிருந்து வந்திருக்கும் உன் அத்தை சின்னக்கண்ணு இதில் போலீஸ்காரி மாதிரி. கோயிலுக்குப் போ, பூசை பார், இந்த வீட்டில் பலகாரம் மட்டும் கூடாது, வேண்டுமானால் கடையில் வாங்கி வைத்துக் கொடு என்றாள். நானும் பேக்கரி வாசல் வரைக்கும் போய்க் கண்ணாடிக்குள் இருந்ததையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன் அம்மா கை படாத கடைப் பண்டம் அந்தத் தட்டில் ஏறியதே இல்லை, அவள் போன வருஷமே அதை ஏற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் உன் பார்சல் வந்தது, அதில் நீ எழுதி வைத்திருந்த செய்முறைத் தாளின் முதல் வரியே அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், அப்பாவே செய்யலாம் என்று இருந்தது. நான் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாதே என்று நீ எழுதியது எனக்குத் தெரியும். நான் அதை உன் அத்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே வெகுநேரம் யோசித்துவிட்டு, "அடுப்புல ஏறலைன்னா அது பலகாரத்துல சேராது. ஆனா இனிப்புக்குன்னு ஒரு தீக்குச்சி உரசின, நான் பஸ் ஏறிருவேன்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

சாக்லேட்டைச் சுடுதண்ணீர் மேல் வைத்து உருக்கச் சொல்லியிருந்தாய், இல்லாவிட்டால் மைக்ரோவேவ் என்று எழுதியிருந்தாய். முதலாவதற்குத் தீக்குச்சி வேண்டும், இரண்டாவது இந்தத் தெருவிலேயே கிடையாது. நம் ஊர் வெயில் எதற்கு இருக்கிறது என்று இருபத்திரண்டாம் தேதி மதியம் சாக்லேட்டை உடைத்து எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி மொட்டைமாடித் தகரத்தின் மேல் வைத்துவிட்டு, காக்காய்க்குக் காவலாகக் குடையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். மார்கழி வெயில் முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது, தகரம் மட்டும் தொட முடியாமல் கொதித்தது. சிறுமலை ஒரே நீலமாக இருந்தது, தெருவில் யாரோ ஸ்டார் கட்ட ஏணி கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பழைய கல்வத்தில் பெப்பர்மின்ட் மிட்டாயைப் போட்டு மெதுவாக இடித்தேன். மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருஷம் கம்பவுண்டராக இருந்து வயிற்று வலிக்கு எத்தனை ஆயிரம் பாட்டில் பெப்பர்மின்ட் தண்ணீர் கலந்து கொடுத்திருப்பேன், அந்த வாடை என் சட்டையை விட்டுப் போனதே இல்லை. கல்யாணமான புதிதில் உன் அம்மா என் தோளில் மூக்கை வைத்து, உங்களைக் கட்டிக்கிட்டதிலிருந்து எனக்கு வயிற்று வலியே வருவதில்லை என்று கேலி செய்வாள். கல்வத்திலிருந்து அந்த வாடை எழுந்ததும் எனக்குக் கண் சொக்கியது. அரைத் தூக்கத்தில் கொடியில் காய்ந்த சேலை காற்றில் வந்து முகத்தில் பட்டது. உன் அத்தையின் சேலைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் செத்த நேரம் கண்ணைத் திறக்காமல் அதை உன் அம்மாவுடையது என்றே வைத்துக்கொண்டேன். அந்த வெயிலில் அப்படியே கிடந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. விழித்துத் தூக்கைத் திறந்தால் சாக்லேட் கூழாகப் பளபளவென்று கிடந்தது.

இனி என் புத்திசாலித்தனத்தைக் கேள். நீ பார்சலில் வைத்து அனுப்பிய பெப்பர்மின்ட் எசன்ஸ் தண்ணீராக இருக்கிறதே, கம்பவுண்டருக்கே பாடமா என்று நினைத்து, மருந்துக்கடையில் சுத்தமான பெப்பர்மின்ட் எண்ணெய் வாங்கி வந்து, நீ எழுதிய அதே ஒரு ஸ்பூனை ஊற்றிவிட்டேன். மருந்தென்றால் சொட்டு எண்ணும் கை, இனிப்பென்றதும் மறந்துபோனது. மாரி பிஸ்கட் தூளும் டின் பாலும் சேர்த்துப் பிசைந்து பிரிட்ஜில் வைத்து, மாலையில் ஒரு துண்டை உன் அத்தைக்குக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்ட அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, இரண்டு நாளாக அடைத்திருந்தது இறங்கிவிட்டது, ஆனால் இதை எதிர்வீட்டுக்குக் கொடுத்தால் வேன் வருவதற்கு முன்பே ஓடிவிடுவார்கள் என்றாள். மிச்சம் ஒரு கட்டிச் சாக்லேட்தான் இருந்தது. மறுநாள் மேகம் மூடிக்கொண்டு வெயிலே இல்லை. இருபத்து நாலாம் தேதி பன்னிரண்டு மணிக்குத்தான் வெயில் தலை காட்டியது, அதுவும் ஒரு மணி நேரம். சாக்லேட் பாதி இளகியும் பாதி கட்டியுமாக இருந்ததைத் தூக்கோடு மடியில் வைத்துக் கையாலேயே கிண்டிச் சரிக்கட்டினேன். உன் எசன்ஸையே, நீ சொன்ன அளவே விட்டேன். மேலே சிவப்பும் வெள்ளையுமாக மிட்டாய்த் தூளைத் தூவி, பிரிட்ஜில் இறுகியதும் வில்லை போட்டால் பதினேழு துண்டு தேறியது.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து, உன் அம்மா பின்னிய துணியால் தட்டை மூடி நானே எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வீடெல்லாம் மூட்டையாகக் கிடந்தது. குர்ஷித் பேகம் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "என்னண்ணே இது, வாய்க்குள்ள பனி பெய்யுது" என்றது. நான் உன் அம்மா சொன்னதைச் சொன்னேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது, நானும் அழுதேன், எனக்கு வெட்கமில்லை. பிறகு இது முதலில் யார் வீட்டுத் தட்டு என்று கேட்டது. நான் உங்கள் வீட்டுத் தட்டு என்றேன், குர்ஷித் பேகமோ இத்தனை வருஷமும் அதை நம் வீட்டுத் தட்டு என்றுதான் நினைத்திருந்ததாம். இரண்டு பேருக்கும் தெரியவில்லை, தெரிந்தவள் இல்லை.

நேற்றுக் காலை வேனில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. சௌகத் அலி அவசரப்படுத்திக்கொண்டே இருக்க, குர்ஷித் பேகம் கட்டி வைத்த மூட்டையை வேனிலேயே பிரித்து, டப்பாவிலிருந்து இரண்டு கை சீனியைத் தட்டில் கொட்டி என்னிடம் கொண்டு வந்து கொடுத்தது. "நானும் வெறுந்தட்டாக் குடுக்க மாட்டேண்ணே. வருசம் திரும்பட்டும், சட்டி ஏறட்டும், அதிரசம் போட்டு எடுத்துக்கிட்டு வாணியம்பாடிக்கு வாங்க" என்றது. வேன் திருப்பத்தில் மறையும் வரை தட்டோடு நடுத்தெருவில் நின்றேன். சாயங்காலம் கல்லறைக்குப் போய், தட்டு வெறுமனே போகவும் இல்லை, வெறுமனே வரவும் இல்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி நன்றாகச் சோறு இறங்கியது.

வெறும் வீடு என்று எழுதினாயே, அதற்கு இதுதான் என் பதில். வீடு வெறுமனே இல்லை, தட்டில் சீனி இருக்கிறது. ஜூன் மாதம் வருஷப் பூசை முடிந்த அன்றே சட்டி ஏற்றலாம் என்று உன் அத்தை சம்மதித்துவிட்டாள். பாகுப் பதம் அவளுக்குத் தெரியும், ஆனால் கை நடுங்குகிறது, எனக்கு மருந்துப் பாகுதான் தெரியும், தட்டிப் போட ஆள் வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, டூட்டி டூட்டி என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, வாரம் ஒரு தடவையாவது கோயிலுக்குப் போ. ஆண்டவரும் மாதாவும் உன் நடையிலும் இருப்பிலும் கூடவே இருக்கட்டும், புது வருஷம் உனக்கு நல்லதாக விடியட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எறும்பு ஏறாமல் தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் வைத்திருக்கிறேன், தண்ணீர் வற்ற வற்ற ஊற்றி வருகிறேன், ஜூன் வரைக்கும் ஊற்றுவேன். அதற்குள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
ம. சிலுவைமுத்து