காணிக்கைக்குப் போன பக்கிள்

பாளையங்கோட்டை,
ஜூலை 16, புதன்கிழமை.

பிரியமுள்ள தம்பி ஹெப்ரானுக்கு,

அக்கா ஜெமிமா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது வழக்கம். இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

ஒன்பது நாட்களாக உன் போன் அணைந்து கிடக்கிறது. நீ அனுப்பிய பார்சலின் மேலுறையை அம்மா மடித்துப் பத்திரப்படுத்தியிருந்தாள். அதில் இருந்த புனே முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். அறையில் கூட இருக்கும் நண்பர் யாராவது வாங்கி உன் கையில் கொடுப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கோயிலில், ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில், சபையார் அத்தனை பேருக்கும் முன்னால் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். கோபப்படு. ஆனால் கடிதத்தை முடிவுவரை படித்துவிட்டுக் கோபப்படு.

ஊரில் இந்த வருஷம் காற்று முன்னதாகவே தொடங்கிவிட்டது. களக்காட்டுப் பக்கம் வாழை நிறையச் சாய்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நம் கொல்லையில் முருங்கை ஒரு கிளை முறிந்தது. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. கல்லூரி நூலகத்தில் எனக்கு மேலும் ஒரு வருஷம் நீட்டிப்புக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியாயிற்று.

போன நவம்பரில் நீ நூலகத்துக்கே போன் செய்தாய். ரேஷன் ஏற்றிப்போன பட்டாள வண்டி மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், அம்மாவிடம் மூச்சு விடாதே என்றாய். சண்டையில்கூட இல்லை அக்கா, பருப்பு மூட்டைக்கு நடுவுல என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். அன்றிலிருந்து எட்டு மாதம் நான் அம்மாவிடம் சொன்ன பொய்களை ஒரு புத்தகமாகவே கட்டலாம். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கே சிக்னல் இல்லை, அதனால் முகம் பார்த்துப் பேச முடியாது. நீ புனேயில் வைத்தியத்தில் இருப்பதை மறைக்க, எல்லையில் உன் காலம் ஜூனோடு முடிகிறது, பிறகு புனேயில் அலுவலக வேலை. இந்தக் கடைசிப் பொய்யில்தான் எல்லாம் வந்து சிக்கிக்கொண்டது.

நீ எல்லைக்குப் போன அன்று அம்மா ஒரு பொருத்தனை செய்திருக்கிறாள். எனக்கும் தெரியாது. பிள்ளை சுகமாக அங்கிருந்து இறங்கினால் அவன் பொருள் ஒன்றைப் பண்டிகையில் காணிக்கையாக வைப்பேன் என்று. ஜூன் முடிந்ததும் உன் அலமாரியில் என்ன வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வாரம் உன் பார்சல் வந்தது. நான் கல்லூரிக்குப் போயிருந்தேன். அம்மாவே கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தாள். உள்ளே உன் ரெஜிமெண்ட் பெல்ட்டின் பித்தளைப் பக்கிள். கூட ஒரு துண்டுச் சீட்டு. 'அக்கா, இது இனி எனக்கு வேண்டாம். உன் பெட்டியில் சேர்த்துக்கொள்.'

அம்மா அதை எப்படிப் படித்தாள் தெரியுமா? அலுவலக வேலைக்கு மாறியதால் உனக்கு வேறு பெல்ட் கொடுத்துவிட்டார்கள், இது பழசு. தேடின நேரத்தில் கர்த்தரே அனுப்பியிருக்கிறார். அக்கா சேர்த்துவைக்கும் பழைய பட்டாளத்துப் பக்கிள்கள் பெட்டியில் முப்பது கிடக்கிறதே, இதைக் காணிக்கைக்கு வைத்தால் என்ன குறைந்துவிடும்? என்னிடம் சொல்லாமல் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, வெள்ளிக்கிழமையே கோயிலில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

சனிக்கிழமை மாலை கோயில் வளாகத்தில் வழக்கம்போலக் காணிக்கைப் பொருட்கள் ஏலம். கோழி, பலாப்பழம், வாழைத்தார், யாரோ ஒரு வீட்டுப் பிளம் கேக். நானும் அம்மாவும் வேப்பமரத்துக்குக் கீழே பெஞ்சில் இருந்தோம். ஏலம் விட்டது கிங்ஸ்டன் சார். உனக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவர், குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. சேவலை விற்று முடித்துவிட்டு அடுத்த பொருளை எடுத்து உயர்த்திக் காட்டினார். வெளிச்சத்தில் அது மின்னியதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

கிங்ஸ்டன் சார், "சும்மா பித்தளைன்னு நெனைக்காதிய, பட்டாளத்துப் பித்தளை. இத மாட்டுனா தொந்தி தானா உள்ள போயிரும்" என்றார். ஏரலில் வாழைமண்டி வைத்திருக்கும் ஞானையா அண்ணாச்சி, "அப்ப முதல்ல நீரு ஒண்ணு மாட்டும் வே" என்றார். ஒரே சிரிப்பு. கிங்ஸ்டன் சார் பக்கிளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் கீறியிருந்த உன் பட்டாள எண்ணையும் பெயரையும் படித்தார். "நம்ம சாலோமி டீச்சர் மவன் ஹெப்ரானுதுலா இது!" என்று சத்தம் போட்டார். ஞானையா அண்ணாச்சி விடவில்லை. "பெல்ட்டு இங்கன வந்துட்டே, பையனுக்குப் பேண்ட்டு எப்படி வே நிக்கும்?" என்று கேட்டார். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த எண்ணை நீ கீறியதே என்னால்தான். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் பக்கிளின் பின்பக்கத்தில் ஆணியால் தங்கள் எண்ணைக் கீறி வைப்பார்கள், அதனால்தான் என்னால் அவர்களைத் தேட முடிகிறது என்று உனக்கு எழுதியிருந்தேன். நீ சேர்ந்த முதல் வருஷமே கீறிப் படம் எடுத்து அனுப்பினாய். நூறு வருஷம் கழித்து யாராவது ஒரு ஜெமிமா தேடட்டும் என்று அடியில் எழுதியிருந்தாய்.

காணிக்கை வைத்ததைத் திரும்ப எடுக்கக்கூடாது, வேண்டுமென்றால் ஏலத்தில்தான் கேட்க வேண்டும். கோயிலில் பாட்டுக்குக்கூட வாய் திறக்காத நான் எழுந்து நின்று கேட்டேன். ஞானையா அண்ணாச்சி ஏற்றிக் கேட்டார். நான் மேலே போனேன். அவரும் போனார். கோயிலுக்குத்தானே வருமானம், அவருக்கு அது விளையாட்டு. "பிள்ளைக்கு எதுக்குப் பெல்ட்டு? மாப்பிள பாத்தாச்சா? சொல்லவே இல்லையே டீச்சர்!" என்றார்.

அப்போதுதான் நேசையா மாமா எழுந்து வந்தார். அவர் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று உனக்குத் தெரியும். பக்கிளை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, பைய, "சர்வீஸ்ல இருக்கவன் இத வீட்டுக்கு அனுப்ப மாட்டானே பிள்ள. தம்பி எங்கன இருக்கான்?" என்று கேட்டார்.

பொய் தயாராகத்தான் இருந்தது. புனே, அலுவலக வேலை, புது பெல்ட். எட்டு மாதமாக அதில் தேர்ந்துவிட்டேன். ஆனால் காணிக்கையை நடுவில் வைத்துக்கொண்டு எனக்கு அது வாயில் வரவில்லை. "காலை எடுத்துட்டாங்க மாமா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அம்மா ஒரு கை தூரத்தில் இருந்தாள்.

அம்மா கத்தவில்லை, விழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏட்டி, எந்தக் காலு?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, ஹெப்ரான்.

ஒவ்வொரு பக்கிளுக்கும் என் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். எண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கீறல் இடமா வலமா, கொக்கியில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, எல்லாம் எழுதுகிறேன். நான் கண்ணால் பார்க்காத மனிதர்கள் அவர்கள். உன்னிடம் எட்டு மாதத்தில் ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நீ வருத்தப்படுவாய் என்று கேட்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. கேட்டால் நான் அதைக் கண்முன் பார்க்க வேண்டியிருக்கும்.

தெரியாதும்மா என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

கிங்ஸ்டன் சார் இறங்கி வந்து, "டீச்சர், இத நீங்க வீட்டுக்குக் கொண்டு போயிருங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ" என்றார். அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பிள்ள உயிரோட இருக்கான்லா? அப்ப வச்ச காணிக்க வச்சதுதான். நீங்க ஏலத்த விடுங்க சார்" என்றாள். வகுப்பறையில் பேசும் குரல் அது. அவர் மறுபடியும் மேலே ஏறினார். யாரும் கேட்கவில்லை. நான் கேட்கப் போனேன், அம்மா என் கையை விடவில்லை. வெகுநேரம் கழித்து ஞானையா அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டே கையைத் தூக்கினார். வாங்கி நேராக அம்மாவிடம்தான் கொண்டுவந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் ஒரு முட்டாப்பய டீச்சர், வாய் இருக்குன்னு பேசிட்டேன்" என்றார். அம்மா அதைத் தொடவில்லை. ஏலத்தில் எடுத்தது எடுத்தவருக்குத்தான் என்று சொல்லிவிட்டாள்.

அவர் ஏரலுக்குக் கொண்டு போயிருக்கிறார். நேற்றும் இன்றும் எனக்குப் போன். "தம்பி வந்தாம்னா கையிலயே குடுத்துருதேன். வரலேன்னா நான் இத எங்கன கொண்டு வைக்க?" என்று கேட்கிறார். மண்டியில் வைக்கவும் மனம் இல்லையாம், வீட்டில் வைக்கவும் பயமாம். அவரைப் பார்த்தால் உனக்கே பாவமாக இருக்கும்.

உன் சீட்டை அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் படித்தேன். அம்மா அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். உன் பெட்டியில் சேர்த்துக்கொள். என் பெட்டியில் இருப்பவர்கள் எல்லாம் செத்துப்போனவர்கள் என்று தெரிந்துதானே எழுதியிருக்கிறாய்? எழுதிவிட்டுப் போனையும் அணைத்துவிட்டாய். எனக்கு அதன் அர்த்தம் புரியாது என்று நினைத்தாயா?

அந்தப் பெட்டியைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை விட்டு ஆட்கள் இறங்கினார்கள் அல்லவா, அப்போது அங்கிருந்து வந்த ஒரு பக்கிளை டவுனில் பழைய பித்தளை வாங்கும் மதார் பாய் எனக்காக எடுத்து வைத்திருந்தார். முன்பக்கத்தில் கிரீடம் பாதி அழிந்துவிட்டது, ரெஜிமெண்ட் பெயரில் நான்கு எழுத்துகூட இல்லை. "இது தேஞ்சு போச்சும்மா, எடைக்குத்தான் போகும்" என்றார். சேகரிப்பவர்கள் யாரும் தொடமாட்டார்கள். நான் அதை விற்ற குடும்பத்தைத் தேடிப் போனேன். பர்மாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவராம். கை ஒன்று சரியாக மடங்காதாம். எஸ்டேட்டில் காவல்காரராக நாற்பது வருஷம், தினமும் அதே பெல்ட். சண்டையில் அதன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. மழையும் சாக்கு மூட்டையும் ஆறு பிள்ளைகள் இடுப்பில் ஏறி இறங்கியதும்தான் அந்த எழுத்துக்களை அழித்திருக்கின்றன. நான் செத்தவர்களுடைய பொருட்களைச் சேர்க்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதிலும் எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

உன்னுடையது புத்தம் புதிது தம்பி. எழுத்தெல்லாம் கூர்மையாக இருக்கிறது. அதற்கு என் பெட்டியில் இடமில்லை.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. சபையார் வந்து பார்க்கிறார்கள், அம்மா காபி போட்டுக் கொடுத்து அனுப்புகிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் அளவாக. அது எனக்கு வேண்டியதுதான். நீ இறங்கி வந்தால் முன்னறைக் கட்டிலில் படுக்கலாம், படி ஏற வேண்டாம். வராவிட்டால் ஆகஸ்ட் முதல் வாரம் நாங்கள் இருவரும் புறப்படுகிறோம். மதுரையைத் தாண்டாத அம்மா ரயிலில் எத்தனை இட்லி கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்கிறாள். யாருக்கு என்ன வேண்டும் என்று பெயர் சொல்லி, வியாதி சொல்லித்தான் அவளுக்கு ஜெபிக்கத் தெரியும். "எந்தக் காலுன்னு தெரியாம நான் என்னன்னு கேக்க?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள், அதன் பிறகு கேட்கவில்லை. நான்கு நாட்களாக இரண்டு கால்களையும் சொல்லி ஜெபித்துக்கொண்டிருக்கிறாள்.

தினமும் காலையில் என் போனை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். என்னிடம் நீ பேச வேண்டாம். நலம் விசாரிக்க வேண்டாம், வருகிறேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். இடமா, வலமா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். மற்றதை அவள் ஆண்டவரிடம் கேட்டுக்கொள்வாள்.

உன்னைக் காக்கிறவர் உன்னோடு இருப்பாராக.

உன் அக்கா,
ஜெமிமா