நான் ஓட்டாத சைக்கிள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஜெனி இப்போதுதான் தூங்கினாள். நீங்கள் போகும்போது ஆறு மாதக் குழந்தை. இப்போது மூன்று வயது முடியப் போகிறது. மன்னிப்பு இந்த ஒன்றுக்கு மட்டும்தான். இனி எழுதப் போகிற எதற்கும் கேட்க மாட்டேன்.

வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். வலது இடுப்பு மூட்டை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கப் போகிறார்கள். அது தேறினால் பிறகு இடது. எனக்கு வயது இருபத்தெட்டு. பதினெட்டு வயதில் மதுரை டாக்டர் செய்யச் சொன்னாரே, அதே ஆபரேஷன்தான். ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு இருக்கிறது. ஏழு வயதில் என் முழங்கால் வீங்கியபோது, இது சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற மூட்டுவாதம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். பதினொரு வருடம் கழித்து என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, இடுப்பு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். "சின்ன வயசுங்கிறதால பின்னாடி ஒருதடவை மாத்த வேண்டி வரலாம். ஆனா இப்ப செஞ்சா காலேஜுக்கு வலியில்லாம நடந்து போவா" என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "ஏளா, இரும்பு இடுப்பு வச்ச பொண்ண எவன் கெட்டுவான்? மொதல்ல கல்யாணம் முடியட்டும்."

நீங்கள் தோணியை நடத்துகிற தண்டலாக இருந்தவர். வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரைக்கும் தோணியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர். அடிப்பலகை ஒன்று இற்றுப்போயிருந்தால் முதலாளி எவ்வளவு கத்தினாலும் எடுக்க மாட்டீர்களாம். "பலகைய மாத்து, பொறவு பேசு" என்று கரையிலேயே உட்கார்ந்துவிடுவீர்களாம். தெருவில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னை மட்டும் எப்படி அப்பா அப்படியே அனுப்பினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை தொடங்க அரைமணி நேரம் முன்பே பக்கவாசல் வழியாகக் கூட்டிப்போய் என்னை உட்காரவைப்பீர்கள். கோயில் காலியான பிறகுதான் எழுந்திருக்க விடுவீர்கள். பெண் பார்க்க வந்த அன்றும் அதே ஏற்பாடுதான். அவர்கள் வருவதற்கு முன்பே நான் நாற்காலியில். காபி கொடுத்தது அம்மா. மாப்பிள்ளை ஜெரால்டுடைய பெரியம்மா, "பொண்ணு ஒருதடவ எந்திரிச்சு நடக்கட்டுமே" என்றதும் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "சின்னதுல சைக்கிள்ல இருந்து விழுந்துட்டா. லேசாச் சாஞ்சு நடப்பா, வேற ஒண்ணுமில்ல."

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மற்றப் பிள்ளைகள் வாடகைச் சைக்கிள் எடுத்துப் பழகிய வயதில் நான் காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்திருந்தேன்.

மூன்று ஞாயிறு எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். இரண்டு பேர் பெயரையும் வாசித்துவிட்டு, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் கொஞ்சம் நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் யாராவது எழுந்து சொல்லிவிட மாட்டார்களா என்று மூன்று ஞாயிறும் காத்திருந்தேன். நம் தெரு முழுக்கத் தெரியும். ஒரு சீலா மீனுக்கு ஊரைக் கூட்டுகிற வாய்கள் எல்லாம் அன்றைக்கு மூடிக்கிடந்தன.

கல்யாணத்துக்கு முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். "சைக்கிள்தான். எது வந்தாலும் நீ வாயத் தெறக்கக் கூடாது."

ஐந்து வருடம் திறக்கவில்லை. மதுரைக்குப் போனால் தெரிந்துவிடும் என்று டாக்டரிடம் போவதையே நிறுத்தினேன். அவர் கொடுத்த மருந்துகளும் நின்றன. வலி மாத்திரையைச் சத்துமாவு டின்னுக்குள் ஒளித்து வைத்து முழுங்கினேன். கால் அகலாததால்தான் ஜெனியை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். குழந்தை திரும்பிவிட்டது என்று ஜெரால்டிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தரையில் உட்கார முடியாததற்கு முதுகுவலி. படி ஏற முடியாததற்குத் தலைச்சுற்றல். அதற்கும் ஆட்டினார். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குக் கேட் பாஸ் வாங்கித் தருகிற வேலை அவருக்கு. நாள் முழுக்கக் காகிதத்தில் பொய் இருக்கிறதா என்று பார்க்கிறவர் என் பொய்யை மட்டும் பார்க்கவில்லை என்று நம்பினேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஜெனி ஒரு காலை வீசி, இடுப்பில் கை ஊன்றி, சாய்ந்து நடக்க ஆரம்பித்தாள். எனக்கு உயிரே இல்லை. அவள் தூங்கும்போது முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருக்கிறதா என்று. என் நோய் அவளுக்கும் வந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். குழந்தை டாக்டரிடம் போனோம். அந்த அம்மா ஜெனியின் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். இரத்தமும் பார்த்தார். பிறகு என்னை அறைக்கு வெளியே அனுப்பி ஜெனியை நடக்கச் சொன்னார். ஓடினாளாம். திரும்ப என்னைக் கூப்பிட்டு, வாசலில் இருந்து மேசை வரை நடக்கச் சொன்னார். என் பின்னாலேயே ஜெனியும் சாய்ந்து சாய்ந்து வந்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணுமில்லைம்மா. அவ உங்களைப் பார்த்து நடக்கிறா. உங்க இடுப்பை யார் பார்க்கிறாங்க?"

"அது சின்ன வயசுல சைக்கிள்ல..." என்று ஆரம்பித்தேன்.

"சைக்கிள் இல்ல டாக்டர்" என்றார் ஜெரால்ட். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏழு வயசுல இருந்து மூட்டுவாதம். பதினெட்டு வயசுலயே இடுப்பு மாத்தணும்னு சொல்லியிருக்காங்க."

ஜெனி பேசிக்கொண்டே வந்தாள். வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும் கேட்டேன், யார் சொன்னது என்று.

"ரெண்டாவது ஓலை வாசிச்ச அன்னைக்குச் சாயங்காலம் ஒங்க அப்பா ஆபீசுக்கு வந்தாரு. எல்லாத்தையும் சொன்னாரு. 'இத மறைச்சுட்டு மூணாவது ஓலைக்கு என்னால கோயில்ல இருக்க முடியாது. வேண்டாம்னா இப்பமே சொல்லிரும்'னாரு. நான் சரின்னேன்."

"அப்பம் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"மாமாதான் சத்தியம் வாங்குனாரு. 'அவளா வாயத் தெறந்து சொல்லுத வரைக்கும் நீரு கேக்கக் கூடாது, அவ மானஸ்தி'ன்னாரு. நீ இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னுதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ சைக்கிள எடுத்துட்டு வந்துருவ."

அவரையும் விட்டுவைக்கவில்லை நான். மாத்திரை டின் தெரியுமா என்றேன். தெரியுமாம். தீர்ந்துபோகும்போது ஒரு அட்டையை அவரே வாங்கிப் போட்டிருக்கிறாராம். அந்த மனிதரோடு நான் பத்து நாள் பேசவில்லை. உங்கள் மருமகனுக்கு இந்தப் பட்டம்: ஊமைக்கோட்டான். ஆனால் அவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அதைத்தான் நானும் செய்தேன்.

நீங்கள் செய்ததைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன் அப்பா. அவரிடம், அவள் சொல்லும்வரை கேட்காதே. என்னிடம், நீ சொல்லவே கூடாது. இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டுவிட்டு, மூன்றாவது ஓலைக்கு வெள்ளைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மனசு லேசாகிவிட்டது. என் இடுப்பு? அதற்குப் பிறகு இரண்டரை வருடம் உயிரோடு இருந்தீர்கள். ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்தீர்கள். நான் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தீர்கள். "அவருக்குத் தெரியும்ளா" என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன கேடு?

அம்மாவிடம் கேட்டேன். நீங்கள் அவரிடம் சொன்னது அம்மாவுக்கும் தெரியாதாம். "ஏளா, செத்த மனுசன எதுக்கு வையுத? ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாவ" என்கிறாள். என் நல்லதை என்னிடம் கேட்டிருக்கலாமே என்றால், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெனிக்குச் சோறு ஊட்டப் போய்விடுகிறாள்.

இப்போது பார்க்கிற ஆபரேஷன் டாக்டர் மறைத்துப் பேசுகிறவர் இல்லை. மூட்டு உட்கார வேண்டிய கிண்ணத்து எலும்பு அரித்துப்போயிருக்கிறது என்றார். பத்து வருடம் முன்பு வந்திருந்தால் நல்ல எலும்பில் வைத்திருக்கலாம். இப்போது எலும்பை ஒட்டுப் போட்டு வைக்க வேண்டும். "பிடிக்கும்னு நம்புறேன். எத்தனை வருஷம் தாங்கும்னு எழுதிக் கொடுக்க முடியாது" என்றார். என் கழுத்தும் இறுகிக் கிடப்பதால் மயக்கம் கொடுப்பதே பெரிய வேலையாம். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஜெனி கூப்பிட்டால் எழுந்து போக முடியாமல் படுத்துக் கிடப்பேனோ என்றுதான் பயம், செத்துப்போவேனோ என்றுகூட இல்லை.

பிழைத்து எழுந்தால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் அடுத்த நினைவுப் பூசைக்குப் பக்கவாசல் வழியாக வர மாட்டேன். பூசை தொடங்கிய பிறகு, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, ஊன்றுகோலோ வாக்கரோ எது கையில் இருக்கிறதோ அதோடு பெரிய வாசல் வழியாக நடுவில் நடந்து வருவேன். நீங்கள் உட்கார்ந்த முதல் வரிசை வரைக்கும். ஜெனி பின்னாலே வருவாள். யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால் அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன், நோயின் பெயரோடு. அவள் என்னைப் பார்த்துப் பழகுகிறவள். இனி இதைப் பழகட்டும்.

அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. அவரிடம் சொல்ல முடிந்த உங்களால் என்னிடம் ஏன் சொல்ல முடியவில்லை? கனவில் வருவீர்களோ, எப்படி வருவீர்களோ எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு என்னை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் பதில் சொல்லுங்கள் அப்பா. சீக்கிரம்.

இப்படிக்கு,
சைக்கிளில் ஏறியே இராத உங்கள் மகள்,
பிரின்ஸி