அண்ணனின் சிவப்புக் காரும் என் புதுக் காரும்

காரைத் துடைக்காமல் காபி குடிக்காத என் அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விலைக்குக் கேட்டு கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மதினி உடனே சரியென்று சொல்லிவிட்டார்.

"இருவது வருசமா எனக்கு இதுதான சக்களத்தி! போகட்டும்."

நீ ஒருநாளும் அவரை அதை ஓட்டவிட்டதில்லையே. அந்தக் குறைதான் அப்படிப் பேசியது.

உனக்கொரு சேதி. போன மாதம் நான் டர்போ கார் வாங்கினேன். நீ இருந்திருந்தால் பானெட்டைத் திறந்து, உள்ளே பிளாஸ்டிக் மூடியைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இன்ஜின எங்க?" என்று கேட்டிருப்பாய்.

உன் காரை விற்பதற்கு முன் இரண்டையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை உன் கார் என்னிடம், என் கார் மதினியிடம். திரும்பும்போது மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேகத்தில் என் கார்தான். தொட்டால் பாயும், மிதித்தால் அங்கேயே நிற்கும். ஆனால் நூறில் போனாலும் வீட்டு சோபாவில் இருப்பதுபோலத்தான். உன் காரிலோ அறுபதிலேயே நெஞ்சு படபடத்தது. ரோட்டின் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்தது. தரையை ஒட்டிய சீட்டிலிருந்து லாரிச் சக்கரத்தை அண்ணாந்து பார்த்தேன்!

திரும்பும்போது மதினி முன்னால், நான் பின்னால். திடீரென்று ஆடுகள் குறுக்கே வந்தன. உன் காரின் பிரேக் விளக்கு எரிந்தது, கார் மட்டும் நிற்கவில்லை. கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் இருக்கையில்தான் நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மதினி இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றியிருந்தார்.

"இத மிதிக்க எம்புட்டு பலம் வேணும்! அதான் அவிய என்னைய ஓட்டவிடலயோ?"

அதுதான் காரணமா அண்ணே? வாய்விட்டு ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?

செத்த நேரம் ஓரமாக நின்றோம். நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், நானே ஓட்டுதேன். நீ முன்னால மெதுவா போ."

வீட்டுக்கு வந்ததும் அவரே கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். "மன்னிச்சிக்கோங்க, காரு குடுக்கல."

இப்போது பிரேக்கை முழுவதும் புதிதாக மாற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி வண்டியைக் கிளப்பினால் தெருவே எழுந்துவிடுகிறது. "அண்ணாச்சிதான் வந்துட்டாகளோன்னு வெளிய ஓடியாந்தேன்" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். மதினி இன்னொரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டினார்.

அந்தக் கார் இனி நம் வீட்டை விட்டுப் போகாது. மதினிக்கு அலுக்கும்வரை நான் ஸ்டியரிங்கைக் கேட்க மாட்டேன். பக்கத்து சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம்.

உன் ஒரே தங்கச்சி